கலந்து நட்டால் வறட்சி தாங்குமா?

கேள்வி, 21 ஏப்ரல் 2024

கொடைக்கானல் மலையில் பண்ணைக்காட்டுப் பக்கம் மூன்று ஏக்கர் வாங்கியிருக்கிறேன். பழைய காப்பித் தோட்டம், நிழலுக்குச் சில்வர் ஓக் மட்டும். இந்தக் கோடையில் பாதிச் செடி வாடி நிற்கிறது. பல வகை மரங்களைக் கலந்து வைத்தால் காடு மாதிரி வறட்சியைத் தாங்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கலப்பு நிழல் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். உண்மையா, கேட்க நன்றாக இருப்பதால் சொல்கிறார்களா?

22 ஏப்ரல் 2024

உண்மை. தாண்டிக்குடிக்குக் கீழே எங்களுக்கு ஐந்து ஏக்கர், தாத்தா காலத்துக் கலப்பு நிழல். பலா, சந்தன வேம்பு, முள் முருங்கை, நாவல், அத்தி, இரண்டு வாகை, அங்கங்கே பட்டர் ஃப்ரூட். 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. அடுத்த கோடையில் பக்கத்துத் தோட்டத்தில், அங்கே சில்வர் ஓக் மட்டும்தான், நான்கில் ஒரு செடி போனது. எங்களிடம் இருபதில் ஒன்றுகூடப் போகவில்லை. வேறென்ன சாட்சி வேண்டும்? கலந்து நடுங்கள்.

23 ஏப்ரல்

நேற்று எழுதியதில் ஓட்டை. பெருமாள்மலைக்காரர் ஒருவர் ஒரே வரி கேட்டிருந்தார்: "பக்கத்துத் தோட்டம் எந்தப் பக்கம் பார்த்த சரிவு?"

மேற்கு. எங்களுடையது வடக்கு, அடியில் ஓடை. அவருக்கு இரண்டடி தோண்டினால் பாறை தட்டும். எங்களுக்கு ஆறடிக்கும் மண்தான். சாயங்கால வெயில் முழுக்க அவர் தலையில். அவர் என் மரங்களையே நட்டிருந்தாலும் 2017-இல் செடி செத்திருக்கும். நான் சில்வர் ஓக் மட்டும் வைத்திருந்தாலும் பெரும்பாலும் தப்பித்திருப்பேன். ஏழு வருடமாக ஊரெல்லாம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், அந்தச் சரிவைத் தினமும் பார்த்துக்கொண்டே.

24 ஏப்ரல்

சரி, அப்படியானால் என் தோட்டத்துக்குள்ளேயே ஒப்பிட வேண்டும். ஒரே சரிவு, ஏறக்குறைய ஒரே மண். மேல்பகுதியில் அப்பா மிளகுக்காக வைத்த முள் முருங்கை மட்டும். நடுப்பகுதியில் பலாவும் முள் முருங்கையும் சந்தன வேம்பும். ஓடையோரம் எல்லாமே. ஓடையோரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அங்கே தண்ணீர் வேறு கதை. மிச்சம் இரண்டில், 2017 பங்குனியில் எது அதிகம் வாடியது?

நடுப்பகுதி. மூன்று வகை மரம் இருந்த இடம். பலா மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாற்போலச் செடிகள் தொங்கின.

அப்போது எங்களிடம் வேலை பார்த்த பெரியவர் சொன்னது இப்போதுதான் உறைக்கிறது. "தம்பி, முருங்கை மாசியில வாயை மூடிக்கும். பலா மூடாது." முருங்கை தை, மாசியில் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். இலை இல்லாத மரம் மண்ணிலிருந்து ஏறக்குறைய எதுவும் இழுக்காது. பலா பச்சையாகவே இருக்கும். கொளுத்துகிற பங்குனியிலும் குடித்துக்கொண்டே இருக்கும். காப்பியின் ஊட்டு வேர்கள் மேல் மண்ணில்தான் இருக்கின்றன, பலாவின் வேரிலும் ஒரு பகுதி அங்கேதான் கிடக்கிறது. ஒரே குடத்துக்கு இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். இரண்டு பேரும் வேறு வேறு சாதி மரம் என்பதால் குடத்தில் தண்ணீர் கூடிவிடவில்லை.

ஆக, எத்தனை வகை மரம் என்று எண்ணுவதில் பெரிய பயன் இல்லை. எந்த ஆழத்தில் குடிக்கிறது, எந்த மாதத்தில் குடிக்கிறது, தண்ணீர் குறையும்போது என்ன செய்கிறது, இந்த மூன்றையும் கேட்க வேண்டும். மூன்றாவது முக்கியம். சில மரங்கள் மண் கொஞ்சம் காய்ந்ததும் இலைத்துளைகளை மூடிவிடும். தண்ணீர் மிச்சம், ஆனால் காற்றும் உள்ளே வராததால் உணவு தயாரிக்க முடியாது, சேமிப்பைத் தின்று காலம் தள்ளும். வேறு சில கடைசி வரை திறந்தே வைக்கும். வளர்ச்சி நிற்காது, ஆனால் தண்ணீர்க் குழாய்களில் இழுவை கூடிக் கூடி ஒரு கட்டத்தில் காற்று புகுந்துவிடும். குழாயில் காற்று புகுந்த கிளை அநேகமாகப் போச்சு. இந்த இரண்டு ரகமும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால், சீக்கிரம் மூடுகிற மரம் மிச்சம் வைக்கும் தண்ணீரைத் திறந்து வைத்திருக்கும் மரம் குடித்துத் தீர்க்கும். கலப்பில் ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு நஷ்டம். இரண்டையும் கூட்டித்தான் நாம் "காடு தாங்கியது" என்கிறோம்.

ஆழ வேர் மரங்கள் இராத்திரியில் அடியிலிருந்து ஏற்றும் தண்ணீரில் கொஞ்சம் காய்ந்த மேல் மண்ணில் கசிய விடுவதும் உண்டு, பக்கத்துச் செடி அதைக் குடிக்கும். ஆனால் அதற்கு அடியில் தண்ணீர் இருக்க வேண்டும். இரண்டடியில் பாறை உள்ளவருக்கு இது பொருந்தாது.

25 ஏப்ரல்

தோட்டக்காரர் ஒருவர் கேட்டார்: செத்த செடியைப் பிளந்து பார்த்தீர்களா? நல்ல கேள்வி, சங்கடமான கேள்வி. பக்கத்துத் தோட்டத்தில் செத்ததில் பாதிக்கு மேல் போரர் விழுந்தவை. தண்டைப் பிளந்தால் உள்ளே சுரங்கம். இந்த போரர், அதாவது தண்டுத் துளைப்பான் வண்டு, வெயில் நேராக விழும் தண்டைத் தேடித்தான் முட்டை வைக்கும். சில்வர் ஓக் கோடையில் இலையைக் கொட்ட, வெயில் உள்ளே இறங்க, வண்டு வந்தது. அப்புறம் தண்ணீர்த் தட்டுப்பாடு மிச்சத்தை முடித்தது. இதில் வறட்சியின் பங்கு எவ்வளவு, வண்டின் பங்கு எவ்வளவு? பிரித்துச் சொல்ல முடியாது.

இலை கொட்டும் மரம் தண்ணீரை மிச்சம் பிடிக்கும் என்று நேற்று முருங்கையைப் புகழ்ந்தேன். அதே இலை உதிர்வுதான் வண்டுக்குக் கதவு திறக்கிறது. இரண்டும் உண்மை. எங்கள் மேல்பகுதியிலும் போரர் உண்டு, நேற்று வசதியாக மறந்துவிட்டேன்.

30 ஏப்ரல்

ஊட்டியில் 29 டிகிரி. 1951-லிருந்து இருக்கும் பதிவில் இவ்வளவு இல்லை என்கிறது செய்தி. மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் தீ. இங்கிருந்து பார்த்தால் மலை உச்சியே தெரியவில்லை.

இப்படித் தீ வரும்போதெல்லாம் ஒன்றைக் கவனிக்கிறேன். காய்ந்த புல் எரிகிறது, சீகை (வாட்டில் மரம்) எரிகிறது, கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) சருகு எண்ணெய் ஊற்றியது போல எரிகிறது. சோலை, அதாவது மலை மடிப்புகளில் நெருங்கி நிற்கும் பசுமைக் காடு, அதன் ஓரம் வந்ததும் தீ அடங்கிப்போகிறது. உள்ளே அவ்வளவு ஈரம், அவ்வளவு இருட்டு, பாசி. சோலையில் பல இனம் கலந்திருப்பதால்தான் எரியவில்லை என்று ஒருவர் உடனே எழுதிவிட்டார். அவசரப்படாதீர்கள். நெருங்கிய கூரையும் அது காக்கும் ஈரமும்தான் முதல் காரணம். அதே நெருக்கத்தை ஒரே இனம் தருமா என்று சோதிக்க நம்மிடம் ஓரினச் சோலை எதுவும் இல்லை.

7 மே

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இன்று முதல் இ-பாஸ். மரத்துக்கும் அப்போதே வைத்திருந்தால் வெளிநாட்டிலிருந்து வந்த கற்பூர மரமும் சீகையும் கல்லாறு சோதனைச் சாவடியிலேயே நின்றிருக்கும். "எத்தனை நாள் தங்குவீர்கள்?" "இருநூறு வருஷம் இருப்போம் சார்."

12 மே

கோத்தகிரியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா கேட்டிருக்கிறார்: தோட்டக் கதை போதும், யாராவது அளந்திருக்கிறார்களா? அளந்திருக்கிறார்கள் ஐயா, ஆனால் பெரும்பாலும் ஐரோப்பாவில்.

ஜெர்மனியில் பீச், ஓக், ஸ்புரூஸ் மரங்களின் ஆண்டு வளையங்களை 1976, 2003 வறட்சிகளை வைத்துப் பார்த்தார்கள். பீச் தனியாக நின்றதைவிட ஓக்குடன் நின்றபோது நன்றாகத் தாங்கியது. ஓக்குக்கு பீச்சால் குறிப்பிடும்படி எந்த உதவியும் இல்லை. என் பலாவும் காப்பியும் போலத்தான், நன்மை ஒரு பக்கமாக ஓடுகிறது. ஸ்புரூஸுக்கு எந்த மாற்றமும் இல்லை. 2018 வறட்சிக்குப் பிறகு மத்திய ஐரோப்பாவில் அந்த ஸ்புரூஸ் காடுகள்தான் பட்டை வண்டுக்குக் கூட்டம் கூட்டமாகப் பலியாயின. அங்கேயும் முடித்து வைத்தது வண்டுதான்.

2014-இல் இன்னொன்று வந்தது. ஐரோப்பாவின் ஐந்து வகைக் காடுகளில், வறண்ட ஆண்டில் மரம் எவ்வளவு திணறியது என்பதை மரக்கட்டையில் இருக்கும் கரிமம்-13-ஐ (கரிமத்தில் சற்றுக் கனமான வகை) வைத்துப் பார்த்தார்கள். இரண்டு வகைக் காட்டில் கலப்பு உதவியது. மற்றவற்றில் உதவவில்லை. வடக்கே, குளிர்க் காட்டில், கலப்பில் இருந்த மரங்கள் இன்னும் கூடுதலாகத் திணறின. வறட்சியை அடிக்கடி பார்க்கும் இடத்தில் கலப்பு உதவுகிறது, எப்போதாவது பார்க்கும் இடத்தில் உதவுவதில்லை என்று நான் இதைப் படித்துக்கொள்கிறேன். தப்பாகவும் இருக்கலாம்.

சீனாவின் ஜியாங்சியைக் காட்டி ஒருவர் மடக்கினார். அங்கே 2009-இல் தொடங்கி நட்ட சோதனைத் தோப்பில், எட்டு ஆண்டில் 16 இனக் கலப்பு, ஓரினத் தோப்புகளின் சராசரியைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கரிமம் சேர்த்தது. மறுக்கவில்லை. ஆனால் அது வளர்ச்சிக் கணக்கு. வேகமாக வளர்ந்த மரத்துக்கு இலை அதிகம், இலை அதிகமானால் தாகமும் அதிகம். நல்ல மழை ஆண்டில் கிடைத்த லாபத்தை மழை பொய்த்த ஆண்டில் வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டி வரலாம்.

19 மே

மழை. நாட்கணக்காக விடாமல். காப்பியைப் பூக்க வைக்கும் பூ மழை இரண்டு மாதம் தாமதம், பாதி மொட்டு கருகிவிட்டது. ஆனாலும் நேற்றுக் காலை தோட்டம் முழுக்க வெள்ளை. இன்றைக்கு விவாதம் கிடையாது.

2 ஜூன்

நம் பக்கத்தில் அளந்ததே இல்லையா என்று கேட்டவருக்கு: முதுமலை. இந்திய அறிவியல் கழகத்துக்காரர்கள் 1988-இல் 50 ஹெக்டேரைக் குறித்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேலுள்ள ஒவ்வொரு தண்டுக்கும் எண் போட்டார்கள். தொடக்கத்தில் 25,000-க்கு மேல், எழுபதைச் சுற்றிய இனங்கள். தேக்கு, வெண்தேக்கு, மருது, வெக்காலி எல்லாம் கலந்த இலையுதிர் காடு. அன்றிலிருந்து யார் செத்தார், யார் பிறந்தார் என்று கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.

அதில் என்னை உலுக்கியது ஒன்று. சின்னத் தண்டுகளைத் தீயும் யானையும் கொண்டுபோகின்றன, அது அந்தந்த ஆண்டே தெரிந்துவிடும். பெரிய மரங்கள் அப்படியில்லை. மழை குறைந்த ஆண்டில் நின்றுகொண்டே இருக்கும். இரண்டு மூன்று ஆண்டு கழித்துத்தான் சாவு எண்ணிக்கை ஏறும். நாம் வறட்சி முடிந்த கையோடு தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு "தாங்கிவிட்டது" என்று எழுதுகிறோமே, அந்தத் தேதியே தப்பு. 22 ஏப்ரல் குறிப்பில் இருபதில் ஒன்றுகூடப் போகவில்லை என்று அடித்துவிட்டேன். அது 2017 ஜூனில் எண்ணியது. 2019-இல் நான் எண்ணவே இல்லை.

16 ஜூன்

கேள்வி கேட்டவர் கோபமாகத் திரும்பி வந்திருக்கிறார்: "வாரா வாரம் மாற்றிச் சொல்கிறீர்கள். நான் எதை நடுவது?" நியாயம்தான்.

முதலில் எதையும் வெட்டாதீர்கள். சில்வர் ஓக்கை ஒரே மூச்சில் எடுத்தால் வெயில் இறங்கும், போரர் வரும். நான்கு இடத்தில் குழி வெட்டிப் பாறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மண் ஆழமாக உள்ள இடத்தில் ஆழ வேர் மரம் வையுங்கள். பாறை மேலே உள்ள இடத்தில் மர எண்ணிக்கையையே குறையுங்கள். அங்கே பத்து வகையைத் திணித்தால் பத்துத் தாகம்தான் கூடும். கோடையில் இலை கொட்டுவதையும் கொட்டாததையும் மாற்றி மாற்றி வையுங்கள். சருகைக் கூட்டி எரிக்காதீர்கள். பலா வைத்தால் அடியில் காப்பிக்குக் கூடுதல் இடைவெளி விடுங்கள், பலாப்பழம் விற்ற காசில் மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று. மரம் வைத்தால் ஓடையில் தண்ணீர் கூடும் என்று நம்பித்தான் பலர் நடுகிறார்கள். ஊட்டிக்கு அருகில் கிளன்மார்கனில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டார்கள். ஒன்று இயற்கைப் புல்லோடு விடப்பட்டது. இன்னொன்றில் 59 சதவீதப் பரப்பில் 1972-இல் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டில் நட்ட பக்கத்தின் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடிமரம் தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு 25-ஐத் தொட்டது. கோடை நீரோட்டத்துக்கு அடி இன்னும் பலம். புல் இருந்த இடத்தில் மரம் வைத்த கணக்கு இது. நம் பழனி மலையின் உயரப் பகுதியில் 1973-க்கும் 2014-க்கும் இடையில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது, பெரும்பாலும் இப்படி நட்ட மரங்களுக்கும் விவசாயத்துக்கும். மலைமேல் புல் போனதற்கும் கீழே எங்கள் ஓடை சித்திரையில் நின்றுபோவதற்கும் முடிச்சுப் போட ஆசையாக இருக்கிறது. போடவில்லை. எங்கள் ஓடை ஊறும் இடம் வேறு.

17 ஜூன்

தனிச்செய்தியில் ஒருவர்: "நீங்கள் மரத்துக்கு எதிரியா?" ஐந்து ஏக்கரில் மரம் வைத்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது.

18 ஜூன்

கரிமம்-13 பற்றி இன்னொரு இழையில் உளறியிருந்தேன், இங்கே திருத்துகிறேன். ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லாவின் சதுப்புக் கரிமண்ணை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்டார்கள். அதுவும் கரிமம்-13, ஐரோப்பிய ஆய்வும் கரிமம்-13. இரண்டும் ஒன்றையே அளக்கின்றன என்று எழுதிவிட்டேன். இல்லை. மரக்கட்டையில் பார்ப்பது, இலைத்துளை மூடியதால் அந்த மரம் எவ்வளவு திணறியது என்பதை. கரிமண்ணில் பார்ப்பது, அங்கே மக்கியது மரமா, வெப்பநாட்டுப் புல்லா என்பதை. இரண்டும் உணவு தயாரிக்கும் வழியே வேறு, அதனால் கரிமம்-13 அளவும் வேறு.

அந்தக் கரிமண் சொல்வது: பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், நீலகிரி வறண்டு கிடந்தது, புல் ஓங்கியிருந்தது. பிறகு ஈரம் கூடியபோது மரம் ஏறியது. மறுபடி வறண்டபோது புல் திரும்பியது. சோலையும் புல்லும் எல்லைக் கல்லை மாற்றி மாற்றி நகர்த்திக்கொண்டே இருந்திருக்கின்றன. வறட்சிக்கு அந்த மலையின் பதில், மரம் பின்வாங்கிப் புல்லுக்கு இடம் கொடுத்ததுதான். இப்போது அந்தப் புல்லின் இடத்தில் சீகை நிற்கிறது. அடுத்த வறட்சியில் சோலை பின்வாங்கினால் அந்த இடத்தைப் பிடிக்கப்போவது எது?

21 ஜூலை

மேலே போயிருந்தேன், வட்டக்கானல் தாண்டி. இ-பாஸ் இரண்டே நிமிடத்தில் வந்துவிட்டது, அந்தக் கிண்டலைத் திரும்பப் பெறுகிறேன்.

பழைய சீகைத் தோப்புக்குள் குனிந்து பார்த்தால் அடியில் முழுக்கச் சோலை நாற்று. காட்டு நாவல், செண்பகம், பெயர் தெரியாத இரண்டு மூன்று. திறந்த புல்வெளியில் இவை முளைத்தாலும் மார்கழி, தை உறைபனி கருக்கிவிடும். சீகை உறைபனியைத் தாங்கும், மேலே குடை பிடிக்கும், கீழே இவை தப்பிக்கின்றன. பறவை எச்சத்தில் விதை வருகிறது. ஆக, யாரும் திட்டம் போடாமலே ஒரு கலப்புக் காடு உருவாகிக்கொண்டிருக்கிறது, அதுவும் நான் மூன்று மாதமாகத் திட்டிக்கொண்டிருக்கும் மரத்தின் நிழலில். சோலை ஓரத்தில் என்றால் அப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. புல்வெளி நடுவில் என்றால் எனக்கு இன்னும் சீகையைப் பிடுங்கத்தான் கை வருகிறது. கூட வந்த தம்பி கேட்டான்: "அண்ணே, அப்போ சீகை நல்ல மரமா கெட்ட மரமா?" டீக்கடை வந்துவிட்டதால் தப்பித்தேன்.

8 செப்டம்பர்

முதுமலைக் கணக்கைப் படித்ததிலிருந்து ஒரு மரம் மண்டைக்குள் நிற்கிறது. நடுப்பகுதியின் பெரிய பலா, தாத்தா நட்டது. 2019 ஐப்பசியில் உச்சிக் கிளை காய ஆரம்பித்தது, தை மாதம் முழு மரமும் போய்விட்டது. இடி என்று அப்பா சொன்னார். அடித் தண்டில் பூஞ்சை இருந்ததால் வேர் அழுகல் என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் ஒரு மாதம் சண்டை போட்டோம். மழையில்லாத 2016-இலிருந்து மூன்று வருடம் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. வறட்சியில் இளைத்த வேரில் பூஞ்சை ஏறியிருக்கலாம். அப்படியானால் நான் சொன்னதும் சரி, ஆனால் காரணம் அல்ல. அப்பாவிடம் சொல்ல இப்போது வழியில்லை.

அந்தப் பலா போன பிறகு அந்த வட்டத்தில் காப்பி நன்றாக இருக்கிறது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

27 அக்டோபர்

பருவமழை தொடங்கிவிட்டது. சிகரெட் பெட்டி அளவு தகரத் துண்டுகளில் எண் அடித்து நிழல் மரங்களில் கட்டுகிறோம். கம்பியைச் சுற்றி இறுக்காமல் சுருளாக விட வேண்டும், இல்லையென்றால் மரம் பருத்ததும் கழுத்தை நெரிக்கும். இனம், தடிமன், எந்த மாதம் இலை கொட்டுகிறது, குழியில் பாறை எத்தனை அடியில். மகள் நோட்டில் எழுதுகிறாள். இன்று மதியம் வரை 143. ஓடையோரம் இன்னும் தொடவில்லை, அட்டைப்பூச்சி அதிகம்.

பண்ணைக்காட்டுக்காரரும் நான்கு குழி வெட்டிவிட்டாராம். மூன்றில் ஐந்தடிக்கும் மண், ஒன்றில் ஒன்றரை அடியில் பாறை. எந்தக் குழி என்று கேட்டிருக்கிறேன்.